கொழும்பில் எங்கே உண்பது?

உல்லாசப் பிரயாணம் புறப்படுவோர் எங்கே தங்குவது, எவற்றைப் பார்ப்பது என்னும் இரு கேள்விகளுக்கு முன்னதாகவே விடை தேடிக்கொள்கின்றனர். எங்கே உண்பது என்னும் மூன்றாவது கேள்வியோ பசி வந்த பின்னரே அவர்களுடைய நினைவுக்கு வருகின்றது. பசியோடு தெருவில் நின்று தெரிவு செய்யும் கடை பெரும்பாலும் தவறான கடையாகவே அமைந்துவிடும் என்பது எமது நெடுநாள் அனுபவம்.

2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ரொறன்ரோவிலிருந்து எமது மைத்துனர் குடும்பத்துடன் நல்லூர்த் தேருக்கு வந்தார். யாழ்ப்பாணம் புறப்படுவதற்கு முன் நான்கு நாட்கள் கொழும்பில் தங்குவதாக ஏற்பாடு. அந்நான்கு நாட்களும் அவர்களுக்கு உணவிடும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம். எமது வீட்டிலே சமைத்துப் போட்டிருக்கலாம். ஆனால், "ஊரைப் பார்க்க வந்தனாங்கள், உங்கட குசினிய இல்லை" என்று மைத்துனர் முற்கூட்டியே தடை விதித்துவிட்டார்.

பொறுப்பு இலேசானதன்று என்பது விமான நிலையத்திலேயே விளங்கிவிட்டது. எழுபத்தாறு வயதான எம் மாமியார், நல்லூரிலே கொடியேறிவிட்டால் மச்சம் தொடமாட்டார். பதினான்கு வயதுப் பேத்தியோ இலங்கை நண்டின் புகழைக் கனடாவிலேயே கேள்வியுற்று, நண்டு உண்ணாமல் திரும்புவதில்லை என்னும் விரதத்துடன் வந்திருந்தாள். ஒன்பது வயதுப் பேரன் பொரித்த உருளைக்கிழங்கையன்றி வேறெதையும் உணவென ஏற்பதில்லை. மைத்துனர், "எனக்கு எதுவென்றாலும் சரி" என்றார். விருந்தினர் வாயிலிருந்து வரும் சொற்களுள் இதைவிடத் தொல்லை தருவது வேறில்லை.

முதல் இரவு நாம் செய்த பிழையை ஒளிக்காமல் கூறிவிடுகின்றோம். களைத்து வந்தவர்கள், கடலைப் பார்த்தபடி வசதியாக உட்கார்ந்து உண்ணட்டும் என்று கருதி, கடற்கரையோரமாக உள்ள பெரிய ஹோட்டலொன்றுக்கு அழைத்துச் சென்றோம். ஐம்பது அறுபது வகை உணவுகள் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. 'இலங்கை உணவு' என்று எழுதப்பட்ட மூலையிலே பிட்டும் இடியப்பமும் இருந்தன. பிட்டு ஆறிக் கட்டியாகியிருந்தது. சொதி, வெள்ளிபோற் பளபளக்கும் மூடியிட்ட பாத்திரத்திலே, கீழே சிறு சுடர் எரிய, மணிக்கணக்காகக் காய்ந்துகொண்டிருந்தது. மாமி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். தட்டை மெதுவாக அப்பால் நகர்த்தினார்.

"சொதிய அடுப்பில ஏத்தி வைச்சிருக்கிறாங்கள், தம்பி. திரைஞ்சு போச்சு."

அவ்வளவுதான். அன்றிரவு அவர் ஒரு வாழைப்பழத்துடன் படுக்கைக்குச் சென்றார். பற்றுச்சீட்டில் உணவின் விலைக்கு மேலே நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணமும், நூற்றுக்குப் பதினெட்டு பெறுமதி சேர் வரியும் சேர்ந்திருந்தன. விலைப்பட்டியலைப் படித்துவிட்டுப் பெரிய ஹோட்டலுக்குள் நுழைவோர் இவ்விரண்டையும் மனத்திலே கூட்டிக்கொண்டு நுழைவார்களாக.

ஆயினும் மாமி கூறிய அந்த ஒரு வாக்கியம் எமக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. சொதியைப் பார்த்துக் கடையைத் தெரிவது என்று அன்றிரவே தீர்மானித்தோம். தமிழகத்து வாசகர்களுக்காகச் சொதி இன்னதென்று சிறிது விளக்குவோம். திருநெல்வேலிப் பக்கத்தில் விருந்துக்குக் காய்கறிகள் பல சேர்த்துச் சோற்றுக்கென ஆக்கும் சொதியை அவர்கள் அறிவர். ஈழத்துச் சொதி அதனினும் எளியது. தேங்காயின் இரண்டாம் பாலிலே வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் சிறிது வெந்தயமும் மஞ்சளும் இட்டுக் கொதிக்க வைத்து, இறுதியாக முதற்பாலை விட்டு, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்த்தல் வேண்டும். முந்திப் புளிவிட்டால் திரையும். பிந்தி இறக்கினாலும் திரையும். நேரம் சென்றால் புளித்துவிடும். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் துணையாக விலையின்றி ஊற்றப்படும் பொருள் இது. விலையில்லாத பொருளிலே ஒரு கடைக்காரன் எவ்வளவு கவனம் செலுத்துகின்றான் என்பதைக் கொண்டு அவனுடைய கடை முழுவதையும் அறிந்துகொள்ளலாம்.

மறுநாட் காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தைக்குப் புறப்பட்டோம்.

வெள்ளவத்தை என்பது கொழும்பு 6. ஒருபுறம் கடல், கடலை ஒட்டிப் புகையிரதப் பாதை, அதற்கு இணையாக மரைன் டிரைவ், அதற்கும் உள்ளே காலி வீதி. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாகவும் உட்பக்கமாகவும் சிறு தெருக்களும் ஒழுங்கைகளும் சீப்பின் பற்களைப்போல் இறங்குகின்றன. இன்று ஹவ்லொக் சிற்றி மாடிகள் வானளாவ நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. 'மில்' என்றாலே முன்னாளில் அதுதான். புடைவைக் கடையும் நகைக் கடையும் மரக்கறிக் கடையும் தொடர்ந்து நிற்கும் இந்தக் காலி வீதியிலே காலை வேளையில் நடந்தால், பத்துக் கடைக்கு ஒரு கடையிலிருந்து தாளிதமும் சாம்பிராணியும் கலந்த மணம் வரும். அதுவே சைவக் கடை.

பெயர் பெற்ற கடைகள் சிலவற்றை இங்கே குறிப்பிடலாம். வெள்ளவத்தைக்கு வடக்கே பம்பலப்பிட்டியிற் காலி வீதியோரமாக உள்ள சரஸ்வதி லொட்ஜ், தலைமுறைகள் பல கண்டது. வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலுள்ள சண்முகாஸ், குளிரூட்டிய அறையில் அமர்ந்து தோசை வகைகளை உண்ண விரும்பும் குடும்பங்களுக்கு உகந்தது. இவையன்றிப் பெயர்ப்பலகை மங்கிய சிறு கடைகள் பல உள. நாம் மாமியை அழைத்துச் சென்றது அத்தகைய சிறு கடையொன்றுக்கே. ஆறு மேசைகள், சுவரிலே முருகன் படமும் இலட்சுமி படமும், வாயிலின் இடப்புறம் கை கழுவும் தொட்டி, கண்ணாடிப் பெட்டியிலே உளுந்து வடையும் கடலை வடையும் சூசியமும் மோதகமும்.

இக்கடைகளுக்கென்று ஓர் ஒழுக்கம் உண்டு. அயலூரார் அதை அறியாமல் மயங்குவர். உட்கார்ந்தவுடன், கேளாமலே ஒரு தட்டு நிறைய வடையும் பிறவும் மேசையின் நடுவே வந்து சேரும். 'நாங்கள் இவற்றைக் கேட்கவில்லையே' என்று எமது பேரன் ஆங்கிலத்திலே முறையிட்டான். உண்பதை உண்ணலாம், எஞ்சியது பெட்டிக்குத் திரும்பிவிடும். எழும்போது பரிமாறுபவர் குறைந்தவற்றைக் கண்ணாலேயே எண்ணிக் கணக்குச் சொல்வார். மேசையில் இருந்து திரும்பியது இன்னொரு மேசைக்குச் செல்வதா என்று சுகாதாரம் பேசுவோர் முகஞ்சுளிக்கலாம். அவர்கள் தாம் விரும்பியதைப் பெட்டியருகே சென்று காட்டிக் கேட்பதற்குத் தடையில்லை.

இடியப்பம் வந்தது. வறுத்த சிவப்பரிசி மாவைக் கொதிநீரிலே குழைத்து, உரலிலே பிழிந்து, சிறு பிரம்புத் தட்டுக்களிலே அவித்தெடுத்தவை. ஆவி இன்னும் அடங்கவில்லை. பரிமாறிய இளைஞர் ஒரு கையிற் சம்பலும் மறு கையிற் சொதி வாளியுமாக நின்றார்.

"அம்மா, சொதி ஊத்தவா?"

"ஊத்து, தம்பி."

மாமி இடியப்பத்தைச் சொதியிலே பிசைந்து ஒரு வாய் உண்டார். நாம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எதுவும் கூறவில்லை. இன்னும் ஐந்து இடியப்பம் கேட்டார். அதைவிடச் சான்றிதழ் வேண்டுமோ?

அவ்விளைஞர் 'ஊத்தவா' என்று கேட்டதை வாசகர்கள் கவனித்திருப்பர். யாழ்ப்பாணத்தவராயின் 'விடட்டோ' என்று கேட்டிருப்பார். கொழும்புச் சைவக் கடைகளிலே பரிமாறுவோரும் தோசைக்கல்லின் முன் நிற்போரும் பெரும்பாலும் மலையகத்துப் பிள்ளைகள். இவரும் அட்டன் பக்கத்தவரே. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மா குழைக்கின்றனர். இரவு பத்து மணிக்குப் பின் பாத்திரம் கழுவி முடிக்கின்றனர். கடையின் மேல்மாடியிலே பாய் விரித்து உறங்குகின்றனர். யாழ்ப்பாணத்துச் சமையல் என்று நாம் பெருமையோடு பேசும் பிட்டையும் சொதியையும் இன்று கொழும்பிலே காப்பாற்றி வருபவை இந்தக் கைகளே. சுவை பற்றி எழுதும் எம்போன்றோர் இதனைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

உணவுக்கு மட்டுமே கடைக்குப் போகின்றோம் என்று இக்காலத்தார் நினைப்பர். சைவக் கடை பிறந்த கதை வேறு. ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் அரசாங்க உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த இலிகிதர்கள் பலர், குடும்பத்தை ஊரிலே விட்டுவிட்டு, வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கினர். அறைக்குச் சமையலறை இல்லை. ஆதலால் காலையும் மாலையும் அவர்களுக்கு வீடாக இருந்தது சைவக் கடைதான். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் அந்த உத்தியோகங்கள் குறைந்தன. 1983 ஜூலையிலே வெள்ளவத்தைத் தெருக்களில் தமிழருடைய கடைகள் தீக்கிரையாயின. பலர் கடல் கடந்தனர். பின்னர் வடக்கிலே போர் மூண்டபோது, ஓடிவந்த மக்கள் அதே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை தேடினர். சாம்பலான இடத்திலே மறுபடியும் அடுப்பு மூண்டது. வீடு இழந்தவர்களின் சமையலறையாக அது மீண்டும் பிறந்தது என்க.

அந்த அடுப்புக்கும் அண்மையிலே சோதனைகள் வந்தன. 2022 இல் நாடு அந்நியச் செலாவணி இன்றித் தவித்தபோது சமையல் எரிவாயு கிடைக்காமல் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களுடன் வீதியோரங்களிலே இரவு பகலாகக் காத்திருந்தனர். சாப்பாட்டுக் கடைகள் பல மூடின. சில, முற்றத்திலே கல் அடுக்கி விறகு மூட்டின. அடுத்து வந்தது தேங்காய்ப் பஞ்சம். 2024 இன் இறுதியிலும் 2025 இன் தொடக்கத்திலும் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தொட்டது. பாதிக் காயிலே ஒரு வாளிச் சொதி செய்து சமாளிக்கலாம். பால்மாவைக் கரைத்து ஊற்றலாம். சொதியே இல்லையென்று பருப்புக் கறியைக் கொடுத்தும் அனுப்பலாம். இம்மூன்றையும் நாம் வெவ்வேறு கடைகளிலே கண்டோம். அந்தச் சிறு கடைக்காரரிடம் இதனைக் கேட்டோம். "இடியப்பத்துக்கு அஞ்சு ரூபா கூட்டினன் ஐயா. சொதியில கை வைச்சா சனம் வராது" என்றார்.

நண்பகல் உணவுக்கு வருவோம். சைவக் கடையிற் சோறு என்றால் சிவப்பரிசிச் சோறோ வெள்ளைச் சோறோ கேட்டு வாங்கலாம். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு வறுவல், கீரைக் கடையல், அப்பளம், பொரித்த மிளகாய், இரசம் ஆகியவை வரும். கறிகள் மறுமுறையும் பரிமாறப்படும். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வறுத்த மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் மிளகும் சேர்ந்தது. நிறத்திலே கறுப்பு, உறைப்பிலே கடுமை. பழகாத பிள்ளைகளுக்கு முதலிற் பால்கறியையும் பருப்பையும் கொடுத்துப் பின்னர் மற்றவற்றைக் காட்டுவது நலம். எமது பேரன் கத்தரிக்காய்க்கு இணங்கவில்லை, அப்பளத்துக்கு இணங்கினான். எட்டு அப்பளம்.

பேத்தியின் நண்டு விரதத்தை நிறைவேற்றுவது இரண்டாம் நாட் பணி. கோட்டையிலே பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011 இற் புதுப்பிக்கப்பட்டு அங்காடியானது. அதே ஆண்டு அங்கே 'மினிஸ்றி ஒஃப் கிராப்' என்னும் போசனசாலை திறக்கப்பட்டது. கிரிக்கெட் வீரர்களான சங்கக்காரவும் மஹேலவும் பங்காளிகள். உலகெங்கும் பெயர் பெற்றது. நண்டும் பெரிது, விலையும் பெரிது. நாம் அதனை வெளியிலிருந்து காட்டிவிட்டு, வெள்ளவத்தை மரைன் டிரைவிலுள்ள 'யாழ்' என்னும் கடைக்கு அழைத்துச் சென்றோம். இங்கே நண்டு யாழ்ப்பாணத்துத் தூளிலே குழம்பாக வருகின்றது. கையாலே உடைத்து, ஓட்டை உறிஞ்சி, விரல் சிவக்க உண்ண வேண்டும். ஒடியற்கூழுக்கும் இக்கடை பேர்போனது. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தது ஒடியல். அதை மாவாக்கி, நீரிலே ஊறவைத்துக் கசப்பை நீக்கி, மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் புளியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சுவது கூழ். ஊரிலே பனையோலையிற் கோலிய பிளாவிலே ஊற்றிக் குடிப்போம், இங்கே கோப்பைதான். எல்லா வேளையிலும் கிடைக்குமென்று எண்ணிச் செல்லாமல், முன்னதாகவே தொலைபேசியிற் கேட்டுக்கொள்வது புத்தி. கொள்ளுப்பிட்டியில் ரேணுகா ஹோட்டலின் அடித்தளத்திலுள்ள 'பல்மைரா'வும் யாழ்ப்பாணச் சமையலுக்குப் பெயர் பெற்றதே. முதியோரை ஓசையில்லாத இடத்திலே இருத்தி விருந்தளிக்க நினைப்போருக்கு அது பொருந்தும்.

அன்று மாமி வரவில்லை. நண்டு வாசம் படாத தூரத்திலே, இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் ஒரு பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையிற் காலிமுகத் திடல். 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் பொதுமக்களுக்கென ஒழுங்குசெய்த திடல் இது. கடற்காற்றோடு இறால் வடை மணக்கும். சிங்களத்தில் 'இஸ்ஸோ வடை' என்பர். பருப்பு வடையின் முதுகிலே ஓட்டோடு கூடிய இறால்கள் பதிந்திருக்கும். அந்தக் கணமே பொரித்துத் தருவதை மட்டும் வாங்குங்கள். அடுக்கி வைத்திருப்பதை வேண்டாம். இதற்குமேல் இங்கே கூற எதுவுமில்லை. பட்டம் விடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் மாமி தாமாகவே ஓர் இடம் கேட்டார். "என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழப் 10 கிலோமீற்றர். துறைமுகத்துக்கு அப்பால், கொழும்பு 13. காலி வீதியில் 101 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டி பிடித்தோம். செட்டியார் தெரு நகைக் கடைகளைக் கடந்து, பொன்னம்பலவாணேசர் கோயிலின் முன் இறங்கினோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலே எடுப்பித்த இக்கோயிலுக்குள் வெளியே எவ்வளவு வெயில் எரித்தாலும் குளிர்ச்சி குறையாது. அண்மையிலே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது குண்டு வெடித்துப் பலர் உயிரிழந்த ஆலயம் அது. செவ்வாய்க்கிழமைகளிலே சைவரும் கத்தோலிக்கரும் பௌத்தரும் கலந்து அங்கே மெழுகுதிரி ஏற்ற வருவர். அன்று செவ்வாயாக இருந்தமையால் தெருவோரக் கடலைக்காரருக்கும் வடைக்காரருக்கும் நல்ல வியாபாரம்.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்திலே மாமி நின்றார். மூன்று மாடிக் கட்டடம். கீழே கைத்தொலைபேசிக் கடை. "இதுதான்" என்றார்.

1995 இன் பெரிய இடப்பெயர்வுக்குப் பின், 1996 இல், மாமியும் மாமாவும் அப்போது பதினெட்டு வயதான எம் மைத்துனரும் கனடா விசாவுக்காக எட்டு மாதம் தங்கியிருந்த லொட்ஜ் அது. ஒரே அறை. மண்ணெண்ணெய் அடுப்பு வைப்பதற்கு அனுமதியில்லை. பொலிஸ் பதிவுத் துண்டை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். கீழ்த்தளத்திலே அக்காலத்தில் இருந்தது ஒரு சைவக் கடை. மூன்று வேளையும் அங்கேதான். கையிலே காசு குறைந்த நாட்களிலே மாமி தூக்குச் சட்டியுடன் இறங்கிச் சென்று பத்து இடியப்பம் வாங்குவார். கடைக்காரர் இருபது இடியப்பத்துக்குரிய சொதியை ஊற்றிவிடுவாராம். இரவு பாணுக்கும் அதே சொதி. "அந்தாள் கணக்குப் பார்த்திருந்தால் நாங்கள் பட்டினிதான்" என்றார் மாமி. மைத்துனர் இதனை முதன்முறையாகக் கேட்டவர்போல் நின்றார். அக்காலத்திலே தாயார் உண்ணாமல் இருந்த நாட்களை அவர் அறியார்போலும்.

இத்தகைய லொட்ஜ்களிலே ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். 2007 ஜூன் 7 ஆம் நாள் அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜ்களிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அன்று காலை அக்கடைகளிலே அவித்த இடியப்பத்தை யார் உண்டனரோ!

கைத்தொலைபேசிக் கடையில் இருந்த பையனுக்குப் பழைய கடையைப் பற்றி எதுவும் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பசி. தெருவிலே பொழுது சாயத் தொடங்கியதும் அப்பக் கடைகள் விழித்துக்கொண்டன. கொட்டாஞ்சேனையை மாலையிலேதான் உண்ண வேண்டும். வரிசையாக எரியும் அடுப்புக்களின்மேற் சிறு தாச்சிகள். ஒருவர் மாவை ஊற்றித் தாச்சியைச் சுழற்றுகின்றார். மற்றொருவர் மூடியைத் திறந்து மூடுகின்றார். புளித்த அரிசிமா ஓரத்திலே தாள்போல மொறுமொறுத்து, நடுவிலே பஞ்சாகின்றது. நடுவிலே கெட்டித் தேங்காய்ப்பாலை விட்டால் பாலப்பம். முட்டையை உடைத்து ஊற்றினால் முட்டையப்பம். பொரித்த உருளைக்கிழங்குப் பேரன் சீனி தூவிய பாலப்பத்தின் ஓரத்தை மட்டும் முறித்துத் தின்றான். பின்பு நடுவையும் தின்றான். அதன்பின் நாம் எண்ணவில்லை.

அப்பால் ஒரு முஸ்லிம் கடையிலே கொத்து ரொட்டியின் தாளம் கேட்டது. வீசு ரொட்டியைக் கீலங்களாக்கி, முட்டையும் மரக்கறியும் இறைச்சிக் குழம்பும் சேர்த்து, சூடான இரும்புத் தட்டிலே இரண்டு தகடுகளால் கொத்துவது. கிழக்கிலங்கையிலே பிறந்தது என்பர். தாளத்தைக் கொண்டே கடையை அடையாளங்காணும் இரசிகர் உளர். கொள்ளுப்பிட்டியிலே 'பிலாவூஸ்' என்னும் கடை நள்ளிரவுக்குப் பின்னும் இதற்குப் பெயர் போனது. இளைஞருக்கு உகந்தது, இரவு பதினொரு மணிக்குப் பின் உண்டு உறங்கச் செல்லும் நடுத்தர வயதினருக்கு நாம் சிபாரிசு செய்யோம்.

வருவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புக்கள்: சைவக் கடைகளிலே காலை உணவு ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணியோடு முடியும், இடியப்பமும் பிட்டும் மறுபடி மாலை ஆறு மணிக்கே சூடாக வரும். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் இடியப்பம் கேட்பவருக்குக் காலையில் அவித்ததே கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி நாட்களிலும் கூட்டம் மிகுதி. போயா தினங்களிலே மதுவும் இறைச்சியும் விற்பனையாவதில்லை. கோப்பியைவிடப் பிளேன்ரீயைக் கேளுங்கள். தேயிலை நாட்டிலே கோப்பிக்கு அவ்வளவு மதிப்பில்லை. போத்தல் நீரின் மூடி உடையாததா என்று பார்த்து வாங்குங்கள். பரிமாறியவரின் கையிலே சிறிது வைத்துவிட்டு எழுவது நன்று; சிறு கடைகளிலே சேவைக் கட்டணம் இல்லை.

நான்காம் நாள், இரவு யாழ்ப்பாணப் பஸ். மாமி மாலையிலேயே வெள்ளவத்தைச் சிறு கடைக்கு எம்மை மறுபடி அழைத்துச் சென்றார். வழிக்கு ஐந்து பேருக்குப் பிட்டும் சம்பலும் சொதியும் பார்சல் கட்டித் தருமாறு கேட்டார். கடைக்காரர் பிட்டைக் கட்டினார், சம்பலைக் கட்டினார். சொதியைக் கட்ட மறுத்துவிட்டார்.

"அம்மா, நீங்கள் சாப்பிடப் பன்னிரண்டு மணியாகும். அதுக்குள்ள புளிச்சுப் போம். காசுக்காக நான் அதைத் தரமாட்டன். ரெண்டு வாழைப்பழம் வைச்சு விடுறன்."

"அப்ப இப்பவே ஒரு கோப்பை தாங்கோ" என்றார் மாமி.

வாளி வந்தது. அட்டன் இளைஞர் கோப்பை நிறைய ஊற்றினார். பேரன், "எனக்கும்" என்று தன் கோப்பையை நீட்டினான்.